நனைந்த டார்ட் போர்டும் ஒடிந்த முனைகளும்

ஜேக்கப் சார் இருந்தார். ஹார்பர் கம்பெனியில் லேபர் ஆபீசர், எங்கள் கிளப்புக்கு செக்ரட்டரி. தனபால் மேஸ்திரி இருந்தார், இடது கன்னத்தில் பிளாஸ்திரியோடு. டில்லி இருந்தான். வியாசர்பாடிப் பையன், கிரேன் கொக்கியில் சரக்கு மாட்டுகிற கான்ட்ராக்ட் ஆள். ஏழுமலை இருந்தார். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காசிம் பாய் இருந்தார். இழுவைப் படகில் கயிறு பார்க்கிறவர். கடைசியில் நான். கிளப்பில் மார்க்கர். மேஜை துடைப்பது, ஸ்கோர் போடுவது, கேரம் காய் எடுத்து வைப்பது, சுவரில் மாட்டிச் சின்ன அம்பு எறிகிற டார்ட் போர்டைப் பார்த்துக்கொள்வது எல்லாம் மார்க்கர் வேலை.

எங்களுக்கு நடுவில் கேரம் மேஜைமேல் டார்ட் போர்டு மல்லாக்கக் கிடந்தது. சரியான இடத்தில் ஒடிந்த டார்ட் முனை ஒன்று அதற்குள் இருந்தால் டில்லிக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் இல்லை. அதற்காகத்தான் கூடியிருந்தோம்.

இதை இப்போது எழுதக் காரணம் போன்.

நான் ரிடையர் ஆகிவிட்டேன். கிளப்பில் இப்போது கரண்டில் ஓடுகிற போர்டு மாட்டியிருக்கிறார்கள். முழுக்க பிளாஸ்டிக், முகமெல்லாம் ஓட்டை. டார்ட்டின் முனையும் பிளாஸ்டிக். அது ஓட்டைக்குள் ஒடிந்து மாட்டிக்கொள்ளும். அந்தக் கட்டம் அமுங்கியே நிற்கும். மெஷின் கத்தும். உடனே இப்போதைய மார்க்கர் எனக்குப் போன் போடுவார்.

"அண்ணாத்த, பதினெட்டு உள்ளயே குந்திகினு கீது. இன்னா பண்றது?"

"இன்னா போட்டுக் குத்துன?"

"ஊக்கு."

"எவ்ளோ உள்ள?"

"ஃபுல்லா."

கட்டத்துக்குப் பின்னால் ரப்பர் ஷீட். அதற்குப் பின்னால் மெல்லிய தாள். அந்தத் தாளில் ஓடுகிற கோடுகள்தான் ஸ்கோரைச் சொல்கின்றன. ஊக்கை விட்டால் தாள் ஓட்டை. மழுங்கின கம்பியால் மெதுவாகத் தள்ளினால் ஒடிந்தது பின்பக்கம் விழுந்துவிடும். அப்படியும் வராவிட்டால் கரண்டைப் பிடுங்கிவிட்டு, பின்னால் ஸ்க்ரூவைக் கழற்றி, கட்டத்தை எடுத்துத் தட்ட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. மறுநாள் மறுபடியும் ஊக்கு.

ஓய்வு பெற்றவர்கள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். போர்டைப் பற்றியே எழுதிவிட்டால் போன் வராது என்று நினைத்தேன். வரும்.

நான் எட்டாவதோடு நின்றவன். கிளப்பில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். இருந்த மார்க்கருக்குக் கண் மங்கியதும் சாவிக்கொத்து என்னிடம் வந்தது. பயிற்சி அவ்வளவுதான். மிச்சத்தை போர்டே சொல்லிக் கொடுத்தது.

அப்போது இருந்தது நார் போர்டு. கப்பல்காரர்கள் விட்டுவிட்டுப் போனது. கற்றாழை நாரைக் கட்டுக் கட்டாக நிறுத்தி, அமுக்கி, சுற்றி இரும்புப் பட்டை போட்டு, முகத்தைச் சீவியிருப்பார்கள். டார்ட் குத்தினால் நார் விலகும். பிடுங்கினால் மூடிக்கொள்ளும். அதை ஒழுங்காக வைத்துக்கொள்ளப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். டார்ட்டைத் திருகி நேராக இழுக்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் நார் பிய்ந்து வரும். முனை சொரசொரத்தால் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். ஈரம் கூடாது. எல்லோரும் இருபதையே அடிப்பார்கள், அந்த இடம் மட்டும் குழியாகும். அதனால் அவ்வப்போது ஓரத்தில் எண்கள் உள்ள தனி வளையத்தைக் கழற்றி, போர்டை இரண்டு கட்டம் திருப்பி, வளையத்தில் இருபது மேலே வரும்படி திரும்ப மாட்ட வேண்டும். முனை ஒடிந்தால் உடனே மார்க்கரிடம் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு முனை இருந்து அதன்மேல் அடுத்த டார்ட் பட்டால் இரும்பில் இரும்பு மோதும். டார்ட் எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

இதைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். அதற்குப் பக்கத்தில் யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவி வைத்தார்கள்.

எங்கள் ஆட்கள் கடையில் டார்ட் வாங்கமாட்டார்கள். ஏழுமலைதான் செய்து கொடுப்பார். பித்தளையை லேத்தில் கடைந்து உடம்பு. ஸ்பிரிங் கம்பியை வெட்டி, பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி முனை. கையில் வைத்தால் கனம் சரியாக இருக்கும். குறை சொல்ல முடியாது. ஆனால் முனை கண்ணாடி மாதிரி. கல்தரையில் விழுந்தால் ஒடியும். போர்டில் கட்டங்களைப் பிரிக்கிற கம்பிமேல் பட்டாலும் ஒடியும்.

"ஏழுமல, கொஞ்சம் மெத்துனு வுடேன். வளைஞ்சா நிமித்திக்கலாம். ஒடிஞ்சா உள்ள தங்கிடுது."

"எனக்கே பட்டறை வேல சொல்லித் தர்றியா மார்க்கரு? இரும்புனா கெட்டியா இர்க்கணும். மெத்துனு வோணும்னா இட்லி வாங்கி வுடு."

ஒடித்தவர்களும் சொல்லமாட்டார்கள். சொன்னால் நான் திட்டுவேன். உண்மைதான், திட்டுவேன். ஒடிந்த டார்ட்டை மடியில் கட்டிக்கொண்டு ஏழுமலையிடம் போய் வேறு முனை வாங்கிக்கொள்வார்கள். நான் நோஸ் பிளையரோடு தினம் போர்டைத் தடவிப் பார்ப்பேன். கையில் அகப்பட்டதை எடுப்பேன். அகப்படாதது உள்ளே இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் யார்டில் டில்லிக்கும் மேஸ்திரிக்கும் வாய்த்தகராறு. சரக்கு தூக்குகிற கம்பிக் கயிற்றில் இழை விட்டுப் போயிருந்ததாம். இதில் கட்டமாட்டேன் என்று டில்லி நின்றுவிட்டான்.

"பயந்தா வூட்டுல குந்துடா," என்றிருக்கிறார் மேஸ்திரி.

"நீ வந்து அடியில நில்லு மேஸ்திரி, நான் கட்டறேன்," என்றிருக்கிறான் இவன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரிக்குச் சொன்ன சொல்லைவிடச் சிரிப்புதான் சுட்டது.

சாயங்காலம் கிளப்பில் ஆட்டம். மேஸ்திரி போர்டுக்கு இடது பக்கம் நின்று ஸ்கோர் எழுதினார். டில்லிக்கு முப்பத்திரண்டு பாக்கி. போர்டின் ஓரத்தில் சுற்றி ஒரு மெல்லிய வளையம் இருக்கும். அதில் பட்டால் எண் இரட்டிப்பு. அங்கே பதினாறில் அடித்தால் ஆட்டம் முடிந்தது. நான் கேரமுக்குப் பவுடர் எடுக்க உள்ளே போயிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். மேஸ்திரி கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். விரலிடுக்கில் ரத்தம்.

"வேணும்னே வுட்டாம்பா! கண்ணுக்கு வெச்சான், கன்னத்துல பட்டுது!"

"போர்டுல பட்டுத் திரும்பிச்சு மேஸ்திரி. சத்தியமா."

"ஆமா, என் மூஞ்சிதான் போர்டு உனக்கு."

பார்த்தவர்கள் பாதிப்பேர் இப்படிச் சொன்னார்கள், பாதிப்பேர் அப்படி. மத்தியானத் தகராறு எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவர் பார்த்தது எது, நினைத்தது எது என்று பிரிக்க முடியவில்லை.

ஜேக்கப் சார் வந்தார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. ஒரு விவகாரத்தைக் கையில் எடுத்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். அவசரமில்லை என்று அர்த்தம். பிறகு ஒவ்வொருவரையும் கேட்பார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாய் திறந்தால் கையை மட்டும் தூக்குவார். அன்றும் அப்படியே கேட்டார். கடைசியில் டில்லியிடம் கை நீட்டி ஹார்பர் கேட் பாஸை வாங்கினார். பாஸ் இல்லாமல் கேட்டுக்குள் கால் வைக்க முடியாது.

"போர்டுல அந்த இடத்துல முனை இருந்தா ஆக்சிடென்ட். பாஸைக் குடுத்துடறேன். இல்லன்னா இது திரும்பி வராது. மார்க்கர், பாருங்க."

"வெளிச்சத்துல பாக்கறேன் சார். காலையில," என்றேன்.

கிளப் விளக்கில் ஒன்றும் தெரியாது என்பதால் சொன்னேன். காலைக்குள் இவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

காலையில் போனதும் முதலில் டில்லி விட்ட டார்ட்டைத் தேடினேன். இரும்பில் மோதியிருந்தால் முனை நசுங்கியிருக்கும். அதுவே பாதி சாட்சி. ஏழுமலை சிரித்துக்கொண்டே நீட்டினார்.

"முனை மழுங்கி அசிங்கமா கெடந்துச்சு. சாணை புடிச்சு வெச்சிட்டேன். பாரு, ஊசி மாதிரி."

"ஏன்யா?"

"இன்னாய்யா ஏன்? மழுங்கல் முனைய எவனாவது அப்டியே வெப்பானா?"

போர்டிடம் போனேன். போர்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே காசிம் பாய் துடைப்பத்தோடு நின்றார்.

"பாய், இன்னா இது?"

"வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கிகினு வெள்ளன வந்தேன் மார்க்கரே. நாரு தொவண்டு கீது. மணிலா கயிறு தொவண்டா தண்ணி காட்டுனா இறுகிக்கும்ல? வளையத்தக் கயட்டிட்டு ரெண்டு பக்கெட் ஊத்தித் தேச்சு வுட்டேன். பையன் பொயப்பு இதுல கீதாமே. பளிச்சுனு தெரியட்டும்னுதான்."

படகில் முப்பது வருடம் கயிறு பார்த்த மனிதர். கயிற்றுக்கு அது சரி. ஊறினால் பருக்கும், நீளம் குறையும், இறுகும். போர்டைச் சுற்றி இரும்புப் பட்டை. ஊறின நாருக்குப் போக இடமில்லை. முகம் வழியாகத்தான் வெளியே வரும். நடுவில் பூரி மாதிரி உப்பியிருந்தது. கம்பிவலை அங்கங்கே எகிறி நின்றது. ஒடிந்த முனை ஒன்றும் கண்ணில் படவில்லை. எல்லாம் நாருக்குள் முங்கிவிட்டன. அந்த நிலையில் எதையாவது விட்டுக் குடைந்தால் நார் கொத்தாக வரும். சாட்சியும் போகும், போர்டும் போகும்.

"ஒரு ராத்திரி," என்றேன். "ஒரு ராத்திரி சும்மா இருக்க முடியலல்ல உங்களால?"

"நல்லதுக்குத்தானே மார்க்கரே பண்ணேன்."

அதுதான் பேஜாரு. எல்லோரும் நல்லதுக்குத்தான் பண்ணினார்கள்.

ஜேக்கப் சாரிடம் சொன்னேன். காய்ந்த பிறகு பார்க்கலாம் என்று போர்டைத் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். வெயில் கூடாது, பிளந்துவிடும். ஃபேனுக்குக் கீழே மல்லாக்க வைத்தோம். அது காய்கிற வரை டில்லிக்கு வேலை இல்லை, கூலி இல்லை. தினம் காலையில் வந்து கிளப் வாசலில் நிற்பான்.

"காஞ்சுதா அண்ணாத்த?"

"இல்ல."

"வெயில்ல கொஞ்சமாச்சும் வெக்கலாமா?"

"பொளந்துடும்."

"வூட்டுல கேக்கறாங்க. இன்னா சொல்றது?"

"காயுதுன்னு சொல்லு."

"பாஸ் எங்கனு கேட்டா, போர்டு காயுதுன்னு சொன்னா அடிக்கமாட்டாளா அண்ணாத்த?"

மேஸ்திரியும் வருவார். அவர் கேள்வியும் அதேதான். காஞ்சுதா? இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னைக் கேட்பார்கள். நான் என்ன வெயிலா.

உப்பல் முழுக்க இறங்கவில்லை. ஆனால் நார் காய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். ஆறு பேர்.

ஜேக்கப் சார் கடிகாரத்தைக் கழற்றினார்.

"முதல்ல சொல்லணும். அப்புறம்தான் தேடணும். டில்லி, எங்க அடிச்சே?"

"டபுள் பதினாறு சார்."

"மேஸ்திரி, அதுதான் பாக்கி இருந்ததா?"

"பாக்கி அதான் சார். அடிச்சது என் கன்னத்த."

ஏழுமலை மடியிலிருந்து ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்தார். இதை வைத்துத் தடவினால் முனை இருக்கும் இடத்தில் ஒட்டும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். அது டப்பென்று கம்பிவலையில் ஒட்டிக்கொண்டது. இழுத்தார். எகிறியிருந்த வலை இன்னும் எகிறியது.

"ஏழுமல, அத எடு. தூர எடு. நீயும் தூரப் போ."

நான் கொண்டுபோனது கோணி ஊசி. நுனியைக் கல்லில் தேய்த்து மழுக்கியிருந்தேன். நேராக, மெதுவாக விட வேண்டும். நாராக இருந்தால் சர்ரென்று வழிவிடும். இரும்பு இருந்தால் நிற்கும், விரலில் ஒரு டிக் தெரியும். பதினாறின் ஓர வளையம் விரல் அகலம்கூட இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நெல் அகலம் விட்டு விட்டு, ஊசியை விட்டேன். சர். சர். சர். ஒன்றும் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கமும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா சார்?" என்றார் மேஸ்திரி.

டில்லி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டான்.

ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் போர்டை முழுசாகப் பார்த்தேன். இருபது என்ற எண்ணுக்கு நேராக வெள்ளைக் கட்டம் இருந்தது. கட்டங்கள் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும், இருபது எப்போதும் கறுப்புமேல்தான் இருக்கும். அதற்காகத்தான் இரண்டு இரண்டு கட்டமாகத் திருப்புவது. உப்பலைப் பார்த்த கோபத்தில் வளையத்தை நான் கவனிக்கவே இல்லை.

"பாய், கழுவிட்டு வளையத்த எப்டி மாட்டுன?"

"வட்டமாத்தானே கீது மார்க்கரே. எப்டி மாட்டுனா இன்னா?"

நான் போர்டைக் கவிழ்த்தேன். ஒவ்வொரு முறை திருப்பும்போதும், எது மேலே வருகிறதோ அங்கே பின்பலகையில் தச்சர் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். முந்தைய கோட்டை உப்புத்தாளால் தேய்த்துவிடுவேன். தண்ணீர் பட்டும் அந்தக் கோடு போகவில்லை. கோட்டுக்கு நேராக இருபது இல்லை. மூன்று கட்டம் தள்ளி இருந்தது. சாருக்குக் காட்டினேன். அவரே விரல் வைத்து எண்ணிப் பார்த்தார்.

"அன்னிக்குப் பதினாறா இருந்த எடம், இப்ப பதினாலுன்னு காட்டுது சார்."

மேஸ்திரி எழுந்துவிட்டார். "இது நல்லாருக்கே! முனை கெடைக்கற வரிக்கும் திருப்பிகினே இருப்பியா? இந்தப் போர்டுல எங்க குத்துனாலும் ஒண்ணு கெடைக்கும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். நான் சொன்னேன்: "பதினாலு. ஓர வளையம் மட்டும். வேற எங்கயும் ஊசி வெக்கமாட்டேன். இல்லன்னா இல்லதான்."

"சொல்லியாச்சு," என்றார் ஜேக்கப் சார். "பாருங்க."

ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். சர். சர். பாதி தாண்டியதும் ஊசி நின்றது. டிக்.

சாரிடம் ஊசியைக் கொடுத்தேன். அவர் தொட்டுப் பார்த்தார். மேஸ்திரியிடம் கொடுத்தார். மேஸ்திரி ரொம்ப நேரம் அதே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

பார்த்தாகிவிட்டது, இனி எடுக்க வேண்டும். முனை, போர்டின் முகத்துக்குக் கீழே அரிசி கனம் இறங்கியிருந்தது. காசிம் பாயை அழைத்து, இரண்டு கட்டைவிரலையும் இரண்டு பக்கமும் வைத்து, கீழே அமுக்கி வெளியே தள்ளச் சொன்னேன். கயிறு இழுத்த விரல். நார் வாய் திறந்தது. உள்ளே கறுப்பாகத் தலை தெரிந்தது. நோஸ் பிளையரின் அலகை இதற்காகவே மெலிதாக ராவி வைத்திருந்தேன். தலையைப் பிடித்தேன். வழுக்கிவிட்டது. பாய் விரலை எடுக்கப் போனார்.

"எடுக்காத பாய். மூச்சு வுடு, வெரல எடுக்காத."

மறுபடி பிடித்தேன். ஆட்டக் கூடாது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி கொஞ்சம் திருகி, நேராக மேலே. வந்தது. மேஜைமேல் வைத்தேன்.

டில்லி எழுந்து வந்தான். ஏழுமலை குனிந்து பார்த்தார்.

"இது நம்ம முனை இல்லியே. ஒரே சீரா சுத்திக் கோடு போட்டுகீது. கடையில வாங்குன முனை."

சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது. கிளப்பில் கடை டார்ட் ஒரே ஒருவரிடம்தான் உண்டு, தோல் பெட்டியில். எல்லோரும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜேக்கப் சார் முனையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"என்னுதுதான்," என்றார். "அந்த வாரம் ஒடிஞ்சது. கீழ விழுந்துடுச்சுன்னு நெனச்சேன். மார்க்கர்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

பையிலிருந்து பாஸை எடுத்தார். டில்லியிடம் நீட்டினார். "நாளைக்கு ஷிஃப்டுக்குப் போ." பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க," என்றார். கூலி போன நாளுக்கு என்ன என்று டில்லி கேட்கவில்லை. அவரே, "அதை நான் பாத்துக்கறேன்," என்றார்.

"அப்ப என் கன்னத்துக்கு நான் யாரப் புடிக்கறது?" என்றார் மேஸ்திரி.

"நம்ம டில்லிய வுட்டுட்டு யார வோணா புடி," என்றார் காசிம் பாய்.

டில்லி பாஸைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டான். "மேஸ்திரி, அந்தக் கம்பிக் கயிறு?"

"மாத்தியாச்சு போடா."

அதோடு கலைந்திருக்கலாம். ஜேக்கப் சார் கடிகாரத்தை இன்னும் கட்டவில்லை.

"இதுல இன்னும் எத்தனை இருக்கு? அவங்கவங்க ஒடிச்சதைச் சொல்லுங்க. யாரும் திட்டமாட்டாங்க." என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"என்னுது ஒண்ணு. வந்துடுச்சு," என்று அவரே ஆரம்பித்தார். டில்லி இரண்டு என்றான். காசிம் பாய் யோசித்து யோசித்து, அவரும் இரண்டு என்றார். மேஸ்திரி, நான் ஒடித்ததே இல்லை என்றார். ஏழுமலை, என் முனை ஒடியாது என்றார். நான் ஆடுவதில்லை. ஆக ஐந்து.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க மார்க்கர்," என்றார்.

எடுத்தேன். டில்லி வீட்டுக்குப் போகாமல் போர்டின் பட்டையைப் பிடித்துக்கொண்டான். பாய் விரல் கொடுத்தார். ஏழுமலை தன் முனை ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இது என்னுது இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேஸ்திரி டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, விழ விழ உரக்க எண்ணினார். பொழுது சாயும்போது ஊசிக்கு எங்கும் டிக் இல்லை. கிளாஸைக் குலுக்கிக் காட்டினார்.

முப்பத்தேழு.